மாடிக்கொடியின் முதல் பழம்

சம்பந்தம் பேச வந்த அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: பெண், அவள் அம்மா, அவளுடைய பெரியப்பா, மாப்பிள்ளையாக வரவிருந்த பையன், அவன் அப்பா, பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அவன் அம்மா. ஏழாவது ஆள் கிடையாது. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற எவரும் அந்த வாசலை மிதித்ததுகூட இல்லை.

பெரியப்பா காடுகளை அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தம்பி போனபிறகு அந்த வீட்டுக்குத் தலை அவர்தான். இருபது வருஷத்துக்கு முன் காட்டிலிருந்து ஒரு முழத் தண்டைக் கொண்டுவந்து மாடிப்படி ஓரம் தொட்டியில் ஊன்றினார். மான்ஸ்டெரா என்பார்கள், காட்டில் மரத்தைக் கட்டிப்பிடித்து உச்சிக்கு ஏறும் கொடி. மற்ற வீடுகளில் அது நாலு இலையோடு மூலையில் அடங்கிக் கிடக்கும். இங்கே கண்ணாடிக் கூரையின் வெளிச்சத்தில் மாடிவரை ஏறி, முறத்தளவு ஓட்டை இலைகள் விட்டு, இந்த வருஷம் முதன்முதலாகக் காய்த்தது. மக்காச்சோளக் கதிர்போல, பச்சைச் செதில் மூடிய ஒரே காய். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சம்பந்திக்கு இதைத்தான் கொடுக்கணும். வேற எந்த வீட்டுல கிடைக்கும்?"

"செதில் தானா உதிரணும் பெரியப்பா," என்றாள் பெண். அவளுக்குத் தாவரப் பூங்காவில் செடி பராமரிக்கும் வேலை. "அடியில மட்டும்தான் உதிர்ந்திருக்கு. நுனி பழுக்க இன்னும் நாலு நாள் ஆகும்."

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே காட்டுல இதைத் தின்னவன் நான். எனக்கே பாடமா?"

அடிப்பக்கம் கிள்ளிச் சாப்பிட்டுப் பார்த்தார். தேனாக இருந்தது. மீதிச் செதில்களைக் கத்தியால் சுரண்டிவிட்டு, துண்டு போட்டுத் தட்டில் அடுக்கினார்.

முதல் துண்டு பையனின் அம்மாவுக்குப் போனது. நுனித் துண்டு. மரியாதைக்காக அந்த அம்மாள் விழுங்கிவிட்டார். அடுத்த நிமிஷம் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். உதடு வீங்கியது, குரல் வரவில்லை. பெண் ஓடிப்போய் ஜில்லென்று பால் கொண்டுவந்தாள்.

"யார் இதை வெட்டினது?" பையனின் அப்பா கத்தினார்.

பெரியப்பா தட்டையே பார்த்தார்.

"நான்தான் மாமா," என்றாள் பெண்.

பெரியப்பா மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

எல்லாரும் மருத்துவரிடம் ஓடினார்கள். பழுக்காத காயில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கும், உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு வாரம் பாடக்கூடாது என்றார் அவர். வீடு திரும்பியதும் அம்மா மகளைக் கடிந்துகொண்டது மாடிப்படிவரை கேட்டது.

"எதுக்குடி பொய் சொன்னே?"

"பெரியப்பா அவங்க முன்னால தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பார்க்க முடியாதும்மா."

படியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அப்புறம் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் சவரக்கடைக்காரர் அவர் கன்னத்தில் சோப்பைக் குழைத்தபடியே கேட்டார்: "உங்க பொண்ணுக்கு இஷ்டமில்லையாமே சார்? வாயால சொல்லியிருக்கலாம். அதுக்காகப் பாட்டு டீச்சர் தொண்டையில கைவைக்கிறதா?" கடையே சிரித்தது.

பெரியப்பா பாதி முகச் சவரத்தோடு எழுந்தார். நேரே பையன் வீட்டு வாசலில்தான் போய் நின்றார். அந்த அம்மாள்தான் கதவைத் திறந்தார்.

"வெட்டினது நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

"அன்னைக்கே தெரியும்," என்றார் அந்த அம்மாள், கரகரத்த குரலில். "அவ தட்டைத் தொடக்கூட இல்லையே. பெருமையா எடுத்து நீட்டினது நீங்கதானே."

"அப்ப பொண்ணு மேல கோபம்..."

"பொண்ணு தங்கம். உங்க பேருக்காகப் பழியை ஏத்துக்கிட்டா. நீங்க கேட்டுக்கிட்டே நின்னீங்க. நாளைக்கு எங்க வீட்டுல அவளுக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தானே நிப்பீங்க? பயமா இருக்குங்க. வேண்டாம்."

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. பெண் பழத்தில் எதையோ கலந்துவிட்டாள், அதனால் முறிந்தது என்று இன்றும் பேசுகிறார்கள். அது பொய். பழத்தில் யாரும் எதையும் கலக்கவில்லை. பழுக்காததை வெட்டியவர் பெரியப்பா. அதைச் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொண்டவரும் அவரே.