கழுத்து ஒட்டிய சாடி

...இல்லை, இதைப் போய் எடுத்திருக்கக் கூடாது, நாற்பத்தொரு சீட்டு கிடந்த அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் கையை விட்டு அலசு அலசென்று அலசி, கடைசியில் இதைத்தானா எடுக்க வேண்டும், பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கப்பல் ஓவியம் வந்தது, அவளுக்கென்ன, பாய்மரம், அலை, வெளிச்சம் என்று கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போய்விடுவாள், இவளுக்கு வந்தது அருங்காட்சியகத்தின் ஆறாம் அறை, இரண்டாம் அலமாரி, சுடுமண் சாடி. சீட்டை மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தாள் இவள். "என்னக்கா, முகமே வெளுத்துப் போச்சு, மேடம்கிட்ட சொல்லி மாத்திக்கலாமா?" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள், ஆனால் மாற்ற முடியாது, இந்தப் படிப்பின் கடைசித் தேர்வே இப்படித்தான், முந்தின நாள் சீட்டு, மறுநாள் காலை அந்தப் பொருளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக, பென்சில் மட்டும், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், மை தெறித்துவிடுமாம், அப்புறம் மேடமும் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் வந்து எதிரே நிற்பார்கள், நீ பார்த்ததைச் சொல். நாற்பத்து மூன்று வயதில், பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, நாலு வருடம் மாலை வகுப்புக்கு ஓடி, கலை வரலாறு படித்தது இந்தச் சாடிக்கு முன்னால் வந்து திருதிருவென்று விழிப்பதற்கா? மணி பத்து ஐந்து. மூலையில் நாற்காலியில் காவலாளி, தலை தொங்குகிறது, கொடுத்து வைத்தவர்.

சரி, பார். பார்க்கத்தானே வந்திருக்கிறாய். உருண்டை வயிறு, குட்டைக் கழுத்து, அகன்ற வாய், தோளைச் சுற்றிக் கறுப்பில் மூன்று கோடு, மூன்றாவது கோடு ஓரிடத்தில் நழுவிக் கீழே இறங்கியிருக்கிறது, வரைந்தவனுக்கு யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்திருப்பார்கள். பக்கத்தில் லேபிள், மஞ்சளேறிய அட்டை, எல்லாம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, இதையெல்லாம் சேர்த்து வைத்த முதலாளியின் சொந்தக் கையெழுத்து. 'சுடுமண் சாடி. கழுத்தில் பழங்காலத்துப் பழுது, பொறுமையாகச் சரிசெய்யப்பட்டது. உரியவர்கள் இதன்மேல் வைத்திருந்த மதிப்பைக் காட்டுகிறது.' பழங்காலமாம்! இது உடைந்தபோது இவளுக்கு ஒன்பது வயது, அது பழங்காலம் என்றால் இவளையும் ஓர் அலமாரியில் ஏற்றி வைத்து லேபிள் ஒட்ட வேண்டியதுதான். இந்த அருங்காட்சியகம் அப்போது வீடு, நூல் ஆலை முதலாளியின் வீடு, மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு இந்தச் சாமான்கள்தான் எல்லாம், ஓவியம், சாடி, நாணயம், சிப்பி, அதையெல்லாம் தினமும் தூசி தட்டியது இவளுடைய அம்மா. சாகும்போது வீட்டை ஊருக்கே எழுதி வைத்தார், ஒரு பொருளையும் விற்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, லேபிளைத் தொடக் கூடாது, உள்ளே வருகிறவர் யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்று நாலே நாலு நிபந்தனை, மேடம் இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் ஆகா என்றார்கள், இவள் மட்டும் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

அந்த மதியம்... மதியம்தான், பள்ளி அரை நாளோடு விட்டுவிட்டார்கள், சமையலறை வழியாக உள்ளே வந்து, வர வேண்டாம் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தும் இந்த அறை வரைக்கும் வந்து, "அம்மா, பசிக்குது!" என்றாள், அவ்வளவுதான், அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள், தூசித் துணியின் நுனி சாடியில் மாட்டியது, சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, டக்கென்று ஒன்று. கழுத்து தனியாக, வயிறு தனியாக. அம்மா அழவில்லை, கத்தவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள், பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. பிறகு எழுந்து போய் மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள், கொல்லைப் பக்கத்துச் செங்கல்லைச் சுரண்டித் தூளாக்கிக் குழைத்தாள், இவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், "ஆடாம பிடிடி, மூச்சு விடாத" என்றாள் அம்மா, இவள் நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளியே கசிந்த பசையை நகத்தால் வழித்து, மேலே தூளைத் தடவி, ஈரத் துணியால் ஒற்றி, ஒற்றி... வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தாள். "யாருகிட்டயும் வாயத் திறக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" உன்னால்தான் உடைந்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இந்த முப்பத்து நாலு வருடத்தில் ஒரு நாள், ஒரு கோபத்தில்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம்கூட அங்கே தாக்குப் பிடிக்கவில்லை அம்மா, முதலாளியின் காலடிச் சத்தம் கேட்டாலே பயந்து சாவாள், இடுப்பு வலி என்று சொல்லி நின்றுவிட்டாள், சலவைக் கூடத்துக்குப் போனாள், அங்கே வெந்நீரிலும் சோடாவிலும் கை வெந்து, விரலெல்லாம் வெடித்து... அந்த வீட்டில் என்ன நல்ல வேலை, நிழல், மின்விசிறி, மதியம் ரொட்டி, முதலாளி வீட்டில் இல்லாத நாட்களில் இவளைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு ஓவியமாகக் காட்டுவாள், இது யாரு தெரியுமா, ராணி, இவங்க ராணியோட பகையாளி, கதையெல்லாம் அம்மாவே கட்டியது, வகுப்பில் படித்தபோது ஒன்றுகூடச் சரியில்லை, ராணி என்று அம்மா சொன்னது ஒரு மீன்காரி! அதை நினைத்துக்கொண்டு பேருந்தில் தனியாகச் சிரித்தாள், பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார். அந்த நாட்கள் திரும்ப வரவா போகின்றன? வேலையை விட்டு ஒரு வாரம் இருக்கும், முதலாளியின் கார் ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார், அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இவளை முன்னால் தள்ளினாள். "அம்மா ஊர்ல இல்ல" என்றாள் இவள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "சரி கண்ணு, வந்தா சொல்லு, ஐயா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொன்னாரு. கோபமெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொன்னாரு." கார் போன பிறகும் அம்மா வெகுநேரம் கதவை விட்டு நகரவில்லை. "கோபம் இல்லன்னு ஆள் விட்டுச் சொல்றாருன்னா கோபம் இருக்குன்னுதான் அர்த்தம். போனா கூப்பிட்டு வச்சு விசாரிப்பாரு." அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை, சந்தைக்குக்கூடச் சுற்று வழி.

பொது அருங்காட்சியகம் எப்படிப் பிறந்தது என்று மேடம் ஒரு பருவம் முழுக்க நடத்தினார், அதுதான் இவளுக்கு உயிர், ராஜாக்களின் கருவூலம், பணக்காரர்களின் விநோத அறை, கூரையில் தொங்கும் முதலை, அலமாரிக்குள் ஒற்றைக் கொம்பு, அதையெல்லாம் பார்க்க அவர்களுக்குச் சமமான ஆட்களுக்கு மட்டும் அழைப்பு, அப்புறம் பொதுமக்களுக்குத் திறந்தபோதும் மனு எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்து சீட்டு வாங்க வேண்டும், பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டு, நட நட என்று ஆடு மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்கள், அப்புறம் ஓரிடத்தில் புரட்சி வந்து ராஜாவின் அரண்மனையே மக்களுடையது ஆனது... பக்கம் பக்கமாக எழுதினாள், நல்ல மதிப்பெண், ஓரத்தில் மேடம் சிவப்பில் ஒரு வரி, 'எல்லாம் சரி, ஆனால் இதில் ஆட்களையே காணோம்.' எங்கிருந்து காண்பது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது முதலைக்குத் தூசி தட்டியவர் பெயர்? இந்த வீடு ஊருக்குத் திறந்தபோது ஊரே வரிசையில் நின்றது, அம்மாவுக்கு மட்டும் தலைவலி. பதினைந்து வயதில் பள்ளியோடு இவள் வந்தாள், இந்த லேபிளைப் படித்தாள், ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள், அம்மா முதலில் நம்பவில்லை, அப்புறம் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "பாத்தியா, அவ்வளவு படிச்ச மனுஷன், அவருக்கே தெரியல!" அந்த வீட்டை நினைத்து அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு யார் பெரிய படிப்பாளி என்று வந்தாலும் அம்மா கண்ணடிப்பாள், "சாடி படிச்சவரா?" இன்று காலைகூட, பொருள் எது என்று தெரியாமலே, "போ போ, சாடி படிச்சவங்களப் பாத்துப் பயந்துடாத" என்று வாசல் வரை வந்து கையசைத்தாள், எழுபத்தொரு வயதில். அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்க முடியுமா? லேபிளில் இருப்பதையே பூசி மெழுகிச் சொல்லிவிட்டு வாங்குகிற மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடு. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல் என்று நாலு வருடம் படித்துவிட்டு, கையால் பிடித்ததையே மறைப்பதா? அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு?

மணி பத்து நாற்பது. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். ஒட்டு இன்னும் நேராகத்தான் இருக்கிறது, செங்கல் தூள் ஓரிரண்டு இடத்தில் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான், மற்றபடி அப்படியே... அப்படியேவா? எப்படி அப்படியே இருக்கும்? மாவுப் பசை. பழம்பொருள் பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வகுப்பு முழுக்கப் பசைதான், மாவுப் பசையைப் பூச்சி தின்னும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், நாலைந்து மழைக்காலம் தாங்கினால் அதிகம். முப்பத்து நாலு வருடம்? அவள் நுனிக்காலில் எக்கி, அலமாரியின் மேல் கண்ணாடி வழியாக டார்ச்சை அடித்துச் சாடியின் வாய்க்குள் பார்த்தாள். பதினைந்து வயதுக்குப் பிறகு இந்த அறைக்குள் வராமலே நழுவியவள், இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறாள். கழுத்தின் உள்பக்கம் முழுக்க, சுற்றிலும், ஒரு பழுப்பு வளையம், கெட்டியாக, பளபளவென்று, ஓரிடத்தில் வழிந்து தேன் சொட்டு மாதிரி உறைந்திருக்கிறது. பிசின். முறையாகக் காய்ச்சி, தூரிகையால் தடவிய பிசின். வெளியே ஒரு துளி கிடையாது.

ஐயோ. மண்ணை மோந்து பார்த்தே இது எந்த ஆற்றங்கரை என்று சொல்வாராமே அந்த மனிதர், போலி விற்க வந்த வியாபாரிகள் வாசலோடு திரும்பிவிடுவார்களாமே, அவர் காதில் பூச்சுற்ற ஒரு கிண்ணம் மாவுப் பசையால் முடியுமா? இதை நாம் ஏன் ஒரு நாளும் யோசிக்கவில்லை? கோபமெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொன்னாரு... ஒன்றும் தெரியாதவர் எதற்குக் கோபம் இல்லை என்று ஆள் அனுப்புகிறார்? கண்டுபிடித்திருக்கிறார், உள்ளே பிசின் தடவியிருக்கிறார், அம்மா செய்த வேலையைக் கலைக்காமல், மேல் தூளைக்கூடத் தொடாமல், அப்புறம் உட்கார்ந்து அட்டையில் சாய்ந்த எழுத்தில் பழங்காலத்துப் பழுது என்று கூசாமல் ஒரு பொய் எழுதியிருக்கிறார், அதை யாரும் தொடக் கூடாது என்று பத்திரத்திலும் எழுதிவிட்டார். அந்த மனிதருக்கு வேறு யார் இருந்தார்கள் பேச, தூசி தட்ட வருகிற அம்மாவைத் தவிர? ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொன்னாரு. அம்மா ஊர்ல இல்ல என்று சொன்னது இவள் வாய்தான். இவளுக்கு அழுகை முட்டியது, கண்ணாடி மேல் மூச்சு பட்டுப் பனி படிந்தது, சட்டை முனையால் துடைத்தாள். காவலாளி விழித்துக்கொண்டு, "கண்ணாடியத் தொடாதீங்கம்மா" என்றார்.

செருப்புச் சத்தம். மேடமும், பக்கத்தில் நரைத்த தாடியோடு வெளித் தேர்வாளரும். "தொடங்கலாமா?" தொடங்கினாள், வயிறு, தோள், மூன்று கோடு, நழுவிய மூன்றாவது கோடு, குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே வந்தவர் லேபிளைக் காட்டினார். "இந்தப் பழுதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" இப்போதுகூட முடியும், இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். "இது பழங்காலத்துது இல்ல சார்" என்றாள். "ரெண்டு பேர் ஒட்டியிருக்காங்க. முதல்ல ஒட்டினவங்க வெளியிலேருந்து மாவுப் பசையில ஒட்டியிருக்காங்க. ரெண்டாவது ஆள் உள்ளேயிருந்து பிசின் வச்சிருக்கார், வெளிய தெரியாம. உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க." அவர் எக்கிப் பார்த்தார், மேடமும் பார்த்தார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிரமாதம்" என்றார் தேர்வாளர். "ரெண்டாவது ஆள் இந்த வீட்டு முதலாளியா இருக்கும். முதல் ஆள்?"

"எங்கம்மா" என்றாள். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. மேடம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது, "உங்கம்மாவா?" என்றார் மெதுவாக, ஆமாம் மேடம், இங்கதான் வேலை பாத்தாங்க, என்று இவள் சொல்லிக்கொண்டே போகிறாள், சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிறது, லேசான அதே நேரத்தில் வேறொன்று வந்து உட்காருகிறது, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாளே, சாடி படிச்சவங்க என்னடி சொன்னாங்க என்று, என்ன சொல்வது, அவருக்கு எல்லாம் தெரியும்மா, கோபமே இல்லம்மா, நீ சுற்று வழி நடந்ததெல்லாம் வீண்மா என்றா? அவர் ஏமாறவே இல்லை என்று சொன்ன பிறகு அம்மா எதை நினைத்துக் கண்ணடிப்பாள், சலவைக் கூடத்தில் வெந்த அந்தக் கையை வைத்துக்கொண்டு எதை நினைத்துச் சிரிப்பாள்? முதலாளி ஏன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை என்பது இப்போதுதான் லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது, இரண்டு அந்நியர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்ட பிறகு. "சொல்லுங்க, அப்புறம்?" என்றார் மேடம்.