நான்காம் மாடியில் மீன் இல்லாத தொட்டி

1

பிப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடிக்கு ஆறு ஆட்கள் ஒரு கண்ணாடித் தொட்டியைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிச் சென்றார்கள். லிப்டில் அது நுழையவில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது. நான் மூன்றாம் மாடி. தொட்டி வைக்கப்பட்ட இடத்துக்கு நேர் கீழே என் எழுத்து மேசை இருக்கிறது. நானூற்றைம்பது லிட்டர் தண்ணீர், கண்ணாடி, மணல், கல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் அறுநூறு கிலோ தேறும். தெரிந்த கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டேன். சுவரை ஒட்டி, உத்தரத்தின் மேலேயே வைத்திருந்தால் பயமில்லை என்றார். "அப்படித்தான் வெச்சிருக்காங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதைப் பார்க்கத்தான் முதல்முறை மேலே போனேன். அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆக, இலக்கிய நோக்கம் எதுவும் இல்லை. உயிர்ப் பயத்தில் தொடங்கியது.

(என் மனைவி சொன்னது: "மேலேர்ந்து மீன் விழுந்தா நல்லதுதானே, மார்க்கெட் போற வேலை மிச்சம்." இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: 'தண்ணீருக்கு நினைவு உண்டு.' அடித்துவிட்டேன். தண்ணீருக்கு நினைவு கிடையாது. அம்மோனியா உண்டு, அதை அளக்கலாம்.

இரண்டாவது: 'அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே மீன்கள் இல்லை. ஆனால்' ஆனாலுக்குப் பிறகு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மூன்றாவது, ஆட்களை அறிமுகப்படுத்துவது. அழகு குறைவு, பயன் அதிகம். மேல் வீட்டில் இருப்பவர் பிசியோதெரபிஸ்ட். முட்டி அறுவை முடிந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது அவர் வேலை. "வலிக்குதா? வலிக்கட்டும். இன்னும் ஒரு தடவை" என்று நாள் முழுக்கச் சொல்பவர். அவருடைய கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டுத்தான் கைகுலுக்குவார், குலுக்கிவிட்டும் கழுவுவார். மூன்றாவது ஆள், பிசியோதெரபிஸ்ட்டின் அப்பா. ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறார், ஒரு தொட்டியில் ஆறு ஏஞ்சல் மீன்களோடு. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, மதியம் வரை யாருக்கும் தெரியாமல் அங்கேயே கிடந்தார். அன்றிலிருந்து மகள் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"மீன் வந்தா நான் வர்றேன். மீனுக்கு இடம் சரியா இருக்கணும். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த இடம்தான் என் தலைக்கு மேல் இருப்பது.

3

ஏஞ்சல் மீன் நீளத்தைவிட உயரம் அதிகமான மீன். தட்டையான உடலிலிருந்து மேலும் கீழும் நீண்ட துடுப்புகள், அவற்றின் முனையில் நூல்போல் இழைகள். கட்டையில் ஒரு சிராய் துருத்திக்கொண்டிருந்தால் போதும், துடுப்பு கிழிந்துவிடும். நீரோட்டம் வேகமாக இருந்தால் நாளெல்லாம் எதிர்த்து நீந்தியே ஓய்ந்துபோகும். தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் தீனியைத் தொடாது.

இதெல்லாம் அப்பா எனக்குச் சொன்னவை, என் வீட்டு வாசலில் வைத்து. ஓய்வு பெறும்வரை அவர் லிப்ட் பரிசோதகராக இருந்தவர். ஆனாலும் மகள் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார். மூன்றாம் மாடி வந்ததும் மூச்சு வாங்கும். நான் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவேன்.

"லிப்ட் இருக்கே, ஐயா?"

"இருக்கு. அதோட கயித்த நான் பாத்ததில்லையே, தம்பி."

(* லிப்ட் பரிசோதகர் லிப்டில் ஏறமாட்டார் என்பது கதைக்காகச் செய்ததுபோல் தோன்றும் என்று பயந்து, ஒரு வரைவில் அவரைத் தபால்காரர் ஆக்கினேன். மகள் படித்துவிட்டு, "எங்கப்பா தபால்காரரா? ஒரு லெட்டர்கூடக் குடுத்திருக்க மாட்டாரு. அட்ரஸ்ல தப்பிருக்குன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்பியிருப்பாரு" என்றார். பழைய வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குறை கண்டுபிடித்தார். முதலில் தொட்டிக்குள் அழகுக்கு வைத்த வேர்க்கட்டை: சொரசொரப்பாக இருக்கிறது. மகள் அதை வெளியே எடுத்து, உப்புத்தாள் போட்டுக் குழந்தையின் கன்னம்போல ஆகும்வரை தேய்த்தார். அடுத்தது நீரோட்டம். ஃபில்டரிலிருந்து தண்ணீர் கொட்டும் குழாயைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு செடிகள்: நட்டால் போதுமா, பிடிக்க வேண்டாமா? சில இலைகள் அழுகின. பிடுங்கிவிட்டு வேறு நட்டார். அந்த மாதம் நான் எப்போது கதவைத் தட்டினாலும் தோள்வரை நனைந்த கையோடுதான் திறந்தார். தொட்டி நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தது. பின்பக்கம் நீண்ட இலைகள் ஆள் உயரப் புல்போல அசைந்தன, முன்பக்கம் மணல்வெளி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: மீன் எங்கே?

மிச்சமிருந்தது தண்ணீர். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். மீனுக்கு அது விஷம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டு, அழுகவிட்டு, அந்த உயிர்களை வளர்க்க வேண்டும். சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சையானால் விஷம்.

"பாத்தியா, இன்னும் பச்சை" என்றார் அப்பா.

"மஞ்சளாகும்ப்பா."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

"எனக்கு அவசரம்."

"தண்ணிக்கும் எக்ஸர்சைஸ் குடுப்ப போலிருக்கே?"

"குடுத்தாச் செய்யும்னா குடுப்பேன்."

[இந்த இடத்தில், மீன் இல்லாத தொட்டியும் எழுதி முடியாத கதையும் ஒன்றுதான் என்று ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.]

4

இந்த அப்பாவை எனக்கு நம்ப முடியவில்லை. பாத்திரமாகச் சொல்கிறேன்.

மீன் மேல் உயிரை வைத்திருப்பவர், அதனால் குறை பார்க்கிறார் என்று எழுதினால், கதை ஒரு நல்ல மனிதரின் சித்திரமாகிவிடும். வர விருப்பமில்லை, மீனைக் காட்டித் தள்ளிப்போடுகிறார் என்று எழுதினால், தந்திரக்காரக் கிழவர். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் உட்காரவில்லை. அதனால் நேரில் கண்டதை மட்டும் வைக்கிறேன்: மகள் சமையலறைக்குள் போனதும் அவர் தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, குறை எதுவும் தேடாமல், நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது என் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்:

"மீனுக்கு எவ்வளவு செஞ்சிருக்கா பாத்தீங்களா? எனக்கு எந்த ரூம்னு இன்னும் அவ காட்டல. நானும் கேக்கல."

5

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை குழாய் மஞ்சளாக நின்றது. வெள்ளியும் மஞ்சள். பிசியோதெரபிஸ்ட் படியில் என்னைப் பார்த்தபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவர் கணவருக்கும் மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மாமனார் பார்வையிட வருகிறார். தன் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபில்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஸ்பாஞ்சு பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தது.

ஞாயிறன்று நானும் அழைக்கப்பட்டிருந்தேன். மகள் சொட்டு விட்டார். குழாய் பச்சையானது. கழுவிவிட்டு மறுபடி செய்தார். பச்சை.

"மஞ்சளா இருந்துச்சே! இவரு சாட்சி" என்று என்னைக் காட்டினார். நான் பார்த்தது கட்டைவிரலைத்தான், ஆனாலும் தலையாட்டினேன்.

"தீனி ஜாஸ்தியாப் போட்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"ஃபில்டர்கூட பளபளன்னு இருக்கு மாமா" என்றார் கணவர். "நானே கழுவினேன்."

மகள் கையிலிருந்த குழாயை மேசையில் வைத்தார்.

"எதுல கழுவுனீங்க மாப்பிள்ளை?"

"குழாய்த் தண்ணியில. பிரஷ் போட்டு. அப்புறம் வெயில்ல காய வெச்சேன்." குரல் போகப்போகத் தேய்ந்தது. "ஏன்?"

அப்பா சிரித்துவிட்டார். "அழுக்குன்னு நெனச்சீங்களா? அதான், மாப்பிள்ளை, அங்க குடியிருந்த ஆளுங்க. மொத்தக் குடும்பத்தையும் காலி பண்ணிட்டீங்க."

"பழுப்பா பிசுபிசுன்னு இருந்தா யார்தான்..."

"நீங்க பேசாதீங்க" என்றார் மனைவி. பிறகு அப்பாவிடம், "திரும்ப முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்துதான்."

"சரி. முதல்லேர்ந்து." தீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். அப்பா அன்று அதிக நேரம் இருக்கவில்லை.

6

குற்ற உணர்ச்சி உள்ள மனிதன் வீடியோ பார்ப்பான். மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவர் மீன் தொட்டி வீடியோ பார்த்தார். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, வழி கெடச்சிடுச்சு! ஏற்கெனவே ஓடிட்டிருக்கற தொட்டியோட ஸ்பாஞ்ச எடுத்து நம்ம ஃபில்டர்ல வெச்சாப் போதுமாம். அதுல இருக்கறதெல்லாம் இங்க வந்து உக்காந்துக்குமாம். ஒரே வாரம்! மீன் வளக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாம்ண்ணா. மாமா வீட்டுலயே இருக்கு, எவ்வளவு வசதி பாருங்க!"

சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றால், பாதி வாழ்நாள் மீன் வளர்த்தவருக்கு பிப்ரவரியிலேயே தெரியும்.

மேலே மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "எல்லாருக்குமா?"

"வீடியோ போட்டவனுக்கு மீசைகூட மொளைக்கல" என்றாராம் இவர், உற்சாகமாக.

7

அடுத்த காட்சி அப்பா வீட்டில் நடந்தது. நான் அங்கே இல்லை. ஆகவே எழுதினேன். எழுதியது இது:

'"ஏம்ப்பா என்னை ஏமாத்துனீங்க?" என்று அவள் கதறினாள். முதியவரின் தளர்ந்த கண்களில் ஒரு துளி'

இந்த இடத்தில் மகளிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"நான் கதறல."

"சரி."

"அவர் அழல."

"சரி. என்னதான் நடந்துச்சு?"

"பக்கெட் எடுத்துட்டுப் போனேன். பக்கெட்டப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. போய் ஃபில்டர நிறுத்துனாரு."

"ஏன் மறைச்சீங்கன்னு கேக்கவேயில்லையா?"

"கேட்டா அவர் ஏதாவது சொல்வாரு. அப்புறம் அதுக்கு நான் ஏதாவது சொல்லணும்."

இனி அவர் சொன்னபடி. அப்பா ஃபில்டரைத் திறந்து, ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் போட்டார். "முழுசா எடுத்துட்டுப் போ" என்றார். முழு ஸ்பாஞ்சும் போய்விட்டால் அவர் வீட்டுத் தொட்டி சில நாளில் விஷமாகிவிடும். மீன்கள் அங்கே இருக்க முடியாது. மீன் வந்தால் அவர் வர வேண்டும். அவரே கொடுத்த வாக்கு. மகள் போனதும் அதற்காகத்தான். என்னிடம் அதை ஒளிக்கவில்லை: "முழுசையும் தூக்கிட்டு வரணும்னுதான் போனேன், அண்ணா."

பக்கெட்டைத் தூக்கியவர் கீழே வைத்தார்.

"கத்திரிக்கோல் எங்கப்பா?"

"எதுக்கு?"

"பாதி போதும்."

"பாதி இங்க இருந்தா இந்தத் தொட்டியும் ஓடும்மா."

"தெரியும்."

"அப்புறம் நான் வந்தே ஆகணும்னு இல்ல."

"தெரியும்ப்பா. கத்திரிக்கோல் எங்க?"

அவர் எடுத்துவந்து கொடுத்தார். வெட்டும்போது பக்கத்திலேயே நின்று, "கோணலாப் போகுது பாரு, நேரா வெட்டு" என்றாராம்.

ஏன் பாதி என்று நான் கேட்டேன். பதில் சொன்னார். "ஆனா அத எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை.

8

இதற்குப் பின் எதுவும் நடப்பதற்கு முன்பே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) அப்பா மீன்களோடு வருகிறார்.

(ஆ) அப்பா வருவதில்லை. மேல் வீட்டில் செடிகள் மட்டும் வளர்கின்றன. மகள் தினமும் சாயங்காலம் தொட்டியின் விளக்கைப் போடுகிறார்.

(இ) மகள் கடையிலிருந்து வேறு ஏஞ்சல் மீன்கள் வாங்கி விடுகிறார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த மீன்களில் குறை கண்டுபிடிக்கிறார்.

எனக்குப் பிடித்தது (ஆ). எழுதுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். சோகம் எப்போதும் கொஞ்சம் கூடுதல் உழைப்புப்போலத் தெரியும். அதை நான்கு முறை திருத்தினேன். மகளிடம் காட்டியபோது, "தொட்டி ரெடியாகி வாரமாச்சு, அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நீங்க எழுதி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. நினைவூட்டவும் இல்லை. தண்ணீரைச் சோதித்தார், தீனி போட்டார், வேலைக்குப் போனார்.

ஒரு சனிக்கிழமை அப்பாவே போன் செய்தார். மறுநாள் பெரிய வண்டி ஒன்று வேண்டும் என்றார்.

முடிவு எடுத்தது எது? அந்தப் பாதி ஸ்பாஞ்சா, குளியலறைத் தரையா, மீன்களா, வேறு ஏதாவதா? அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து ஃபில்டரைப் பற்றிப் பேசியிருப்பார். கதையின் முடிவு அந்தக் காரணம்தான் என்று நினைப்பவர்கள் அதைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

[                    ]

நடந்தது இது. மே பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆறு ஏஞ்சல் மீன்கள் ஆறு பிளாஸ்டிக் பைகளில் ஊரைக் கடந்து வந்தன. ஒன்று வழியிலேயே செத்துவிட்டது. மீதி ஐந்தும் தொட்டியில் விடப்பட்டன. அன்று அவை தீனி எடுக்கவில்லை, மறுநாள் எடுத்தன. அப்பாவின் கட்டில் புதன்கிழமை வந்தது.