புளி மண்டியில் பகல் தூக்கம்

அந்தோணிராஜுக்குத் தூக்கம் என்றாலே இப்போது பயம். ராத்திரி வராமல் போய்விடுமோ என்று பயம். பகலில் வந்து தொலைக்குமோ என்று அதைவிடப் பயம்.

எச்.ஐ.வி. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. அடங்காதது பாதத்து எரிச்சல்தான்; அதில் ராத்திரித் தூக்கமே போனது. தூக்க மாத்திரை கேட்கலாம் என்று எச்.ஐ.வி. மாத்திரை தரும் திண்டுக்கல் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால், ஆலோசனை சொல்லும் ஜெஸ்ஸி மேடம் பழக்கத்தை மாற்றச் சொன்னார். கண் சொக்கினால் மட்டும் பாய்க்குப் போகணும், புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து உட்காரணும், எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழணும், பகலில் கண்ணசரவே கூடாது. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். எரிச்சல் அப்படியே இருந்தது. தூக்கம் மட்டும் மெல்லத் திரும்பி வந்தது.

வினை பகலில் வந்தது. நத்தம் புளி மண்டியில் சுமை தூக்குகிறவர்கள் மத்தியானம் சாப்பிட்டதும் மூட்டை மேலேயே சாய்ந்துவிடுவார்கள். இவன் மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருந்தான். அந்த வாரம் பார்த்துத்தானா முதலாளி, வேலை நேரத்தில் குறட்டையா என்று சத்தம் போட வேண்டும்? இவன்தான் போட்டுக்கொடுத்திருப்பான் என்று எல்லார் சந்தேகமும் இவன்மேல் விழுந்தது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று காதுபடவே பேசினார்கள்.

மறுநாள் சாப்பிடும்போது கூட்டாளி பொம்மையன் நேரடியாகவே கேட்டான்.

"ஏலே, நீ மட்டும் ஏன்டா தூங்க மாட்டேங்குற? யாருக்குக் காவல் இருக்க?"

காரணத்தைச் சொன்னால் எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய் என்று தோண்டுவார்கள். ஒரே வாளியில் கைவிட்டு வெஞ்சனம் எடுத்துத் தின்கிறவர்கள். நாளைக்கு அந்த வாளி தன் பக்கம் வருமா? அந்தோணிராஜ் அவசரமாய்க் கை கழுவினான்.

"தூங்குறேன் அப்பு," என்று மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினான்.

சும்மா பாவனைதான். ஆனால் முன்பெல்லாம் ராத்திரி கெஞ்சினாலும் வராத பாழாய்ப்போன தூக்கம், இப்போது கூப்பிடாமலே வந்து நின்றது. நாக்கைக் கடித்தான். மனசுக்குள் ஜெபம் சொன்னான். ஒன்றும் பலிக்காமல் இமை கனத்தது. இன்றைக்கு அசந்தால் இன்றைய ராத்திரி போச்சு. நாளைக்கும் இவர்களோடு படுத்தாக வேண்டும். பட்ட பாடெல்லாம் வீண்.

அப்போது பக்கத்தில் பொம்மையன் குரல் கேட்டது.

"பாவம், அசந்துட்டான். காலெல்லாம் ஈ மொய்க்குது பாரு."

சொல்லிவிட்டுத் தன் துண்டை எடுத்து அவன் பாதத்தில் போர்த்திவிட்டான்.

துணி பட்டாலே தீயாய்ப் பிடிக்கிற கால். எரிச்சல் சுரீரென்று உச்சிக்கு ஏறியது. தூக்கம் ஓடியே போனது. அந்தோணிராஜ் கண்ணைத் திறக்காமல், துண்டை உதறாமல் அப்படியே கிடந்தான். இத்தனை வருஷத்தில் அந்த வலிக்கு அவன் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.