எங்கள் களத்தில் அடித்த நெல்

என் கணவர் தரணிகாந்த ராய் அன்று மதியம் பதிவு முகாமிலிருந்து திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது. நான்கு முறை சிறை, இரண்டு முறை சட்டசபை. வங்காளத்தில் எங்கள் தினாஜ்பூர் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் கிழவர்கள் இன்னும் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் பேச்சை அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுகிறவர்களின் பெயரை அரசு ஏட்டில் பதிகிறார்கள். பெயர் ஏறிவிட்டால் நிலக்காரர் யாரையும் துரத்த முடியாது. விளைச்சலில் முக்கால் பங்கும் உழுதவனுக்கே. விளைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்று இவர் முப்பத்துமூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதற்காகத்தான். இப்போது ஆட்சியே இவர் கட்சியின் கையில். அதிகாரிகள் பள்ளிக்கூட மைதானத்தில் மேசை போட்டு இரண்டு நாளாகக் காத்திருக்கிறார்கள். நாற்பது உழவர்கள் உட்கார்ந்து பீடி பிடித்தார்களே ஒழிய ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. மறுநாளோடு முகாம் கலைந்துவிடும். திரும்ப எப்போது வருமோ யாருக்கும் தெரியாது.

"துப்பாக்கிக்கு முன்னாடி நின்ன பசங்க, ஹிமானி. ஒரு பேர் சொல்ல வாய் வரல அவனுங்களுக்கு," என்றார்.

சோறு போட்டேன். பருப்பும் வள்ளைக்கீரையும். அவர் குனிந்து பிசைவதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது.

அப்பா கல்யாணத்தின்போது என் பெயரில் எழுதிக் கொடுத்த நாலு பிகா நிலத்தை புலின் பர்மன்தான் உழுகிறான். நாற்பத்தாறாம் வருடத்து அறுவடைப் போராட்டத்தில் இவர் பக்கத்தில் நின்று, கதிர்க்கட்டை நிலக்காரர் களத்துக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று தன் களத்துக்கே சுமந்தவன் அவன். இவர் முதல் தடவை சிறைக்குப் போனதும் நிலத்தை அவனிடம் விட்டேன். அந்த வருடம் கட்டுகளை எங்கள் களத்தில் இறக்கி, அடித்து, பாதியை வைத்துவிட்டுப் போனான். தலைவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாமா என்றான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் சட்டசபைச் சம்பளம் வந்தது. அதையும் கட்சி வாங்கிக்கொண்டு கொஞ்சம் திருப்பித் தரும், உப்புக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போகும். பாதிக்குப் பாதி அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது தலைவர் வீட்டு நிலத்தில் தன் பெயரை ஏற்ற புலினுக்குக் கூச்சம். அவனே எழுந்திருக்காதபோது மற்றவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள்?

"இந்த நெல்லு எங்க அடிச்சது தெரியுமா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம களத்துல. பாதிக்குப் பாதி. நீங்க மொத மொத ஜெயிலுக்குப் போன வருஷத்துலேருந்து."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால், சோறு எங்கிருந்து வருகிறதென்று ஒரு நாளாவது கேட்டீர்களா என்று நானும் கேட்டிருப்பேன். அவர் கையைக் கழுவிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிலம் என் பெயரில் இருக்கிறது. புலின் பெயர் ஏறினால் எங்கள் பங்கு பாதியிலிருந்து கால் பங்காகக் குறைந்துவிடும். பதியலாமா என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை அவர் போன பின்னால் நானும் முகாமுக்குப் போனேன். புலின் கடைசி வரிசையில் இருந்தான். எழுந்து பெயர் கொடுக்கச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணன் நெலத்துல என் பேர எப்படி அண்ணி..."

"அண்ணன் நெலம் இல்லடா, என் நெலம். எந்திரி. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு."

எழுந்தான். அவன் பெயரை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மதியத்துக்குள் நாற்பது பெயரும் ஏறிவிட்டது. தரணிகாந்த ராய் வாழ்க என்று கத்தி இவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். இவர் ஒதுங்கி நடந்துவிட்டார். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது, அண்ணி என்றுதான் தெரியும். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த அறுவடைக்குப் புலின் கட்டுகளைத் தன் களத்துக்கே சுமந்தான். எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். எங்களுக்கு வந்தது கால் பங்கு. மாசி பிறப்பதற்குள் குதிர் அடி தெரிந்துவிட்டது.

ஒரு மதியம் அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பானையை மூடினேன். அவர் எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம்.

"உனக்கு?" என்றார்.

இருக்கிறது என்று பொய் சொல்லியே பழகிய வாய் எனக்கு. அன்று அலுத்துப்போயிருந்தது. இல்லை என்றேன்.

அவர் உட்கார்ந்து, தட்டுச் சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்துப் பாதியை என் பக்கம் ஒதுக்கினார்.

"பாதி இல்ல. மூணுல ரெண்டு குடுங்க. ஆக்குனது நான்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தக் கோட்டை அழித்துவிட்டு, தன் பக்கமாகத் தள்ளி இன்னொரு கோடு கிழித்தார்.