நர்ஸம்மாவின் ஆறு மாதக் கணக்கு

வியாழக்கிழமைதோறும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்குப் பாடம் எடுப்பது நர்ஸம்மாவின் வேலை. சுகாதார நிலையத்தின் பின்னறை, பதினைந்து நாற்காலிகள், மடிக்கொரு குழந்தை. ஆறு வருடமாகச் சொல்லும் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது.

"தாய்ப்பாலே கொஞ்ச காலத்துக்குக் கருத்தடை மாதிரி வேலை செய்யும். ஆனா மூணும் சேர்ந்து இருக்கணும். பிள்ளைக்கு ஆறு மாசம் முடிஞ்சிருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. ராத்திரி பகலா தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும். இதுல ஒண்ணு தவறினாலும் வேற வழி பாத்துக்கணும்."

முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க பாப்பாவுக்கு எத்தனை மாசம் நர்ஸம்மா?"

"இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். "ஏழரை."

"ஏழரையா! எண்ணே சரியில்லையே!"

அறை சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்து வைத்தாள். அப்புறம்தான் தன் கணக்கு அவளுக்கே உறைத்தது. வேலைக்குத் திரும்பி மூன்று மாதம். பகலெல்லாம் நாத்தனார்தான் பாப்பாவுக்கு டப்பாப் பால் கொடுக்கிறாள். மாதவிலக்கு வரவில்லை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் டீசல் வாடை குமட்டியதற்குக்கூட டிரைவரைத்தான் திட்டினாள்.

பாடம் முடிந்ததும் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பரிசோதனைக் குச்சி பதில் சொல்லிவிட்டது.

அவள் கணவன் பெயிண்டர். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு ஏணிமேல் நின்று வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். நேரே அங்கே போய் ஏணியடியில் நின்றாள்.

"ஏங்க, ரெண்டு கோடு விழுந்திருக்கு."

"எந்தப் பக்கம்? ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சிட்டேனே, கோடு எப்படி விழும்?"

"சுவத்துல இல்லீங்க. எனக்கு."

அவன் பிரஷ்ஷோடு இறங்கி வந்தான். விஷயம் புரிந்ததும் காலி பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறானோ என்று குனிந்தாள். சிரிப்பு!

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"இன்னொரு தடவை சிரிச்சீங்க, ஏணியத் தள்ளிடுவேன்."

"நான்தான் கீழே இருக்கேனே."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "பாப்பா இன்னும் தவழவே ஆரம்பிக்கல. என்னால முடியுமா?"

அவன் வெள்ளை அப்பிய கையாலேயே அவள் கையைப் பிடித்தான். "உனக்கு வேணாம்னா சொல்லு, டாக்டர்கிட்டப் பேசுவோம். வேணும்னா, காலையில பாப்பாவ எழுப்பிக் குளிப்பாட்டி விடற வரைக்கும் என் பொறுப்பு."

"வேணும்," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அந்தப் பதில் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு, இப்போதைக்குப் பாப்பாவுக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றார். விஷயம் கேட்ட நாத்தனார், "தொட்டிலை இறக்கவே வேணாம், அப்படியே கிடக்கட்டும்" என்றாள்.

அடுத்த வியாழன் நர்ஸம்மா பாடத்தை மாற்றிக்கொண்டாள். மூன்று விதியையும் சொன்னாள். தன் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். பேக்கரிக்காரி சிரித்த சிரிப்பில் இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன. வழக்கமாகப் பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையாய்ப் பறந்துவிடுவார்கள். அன்று ஒன்பது பேர் கிளம்பாமல் நின்றார்கள்.

"நர்ஸம்மா," என்று பேக்கரிக்காரி குரலைத் தாழ்த்தினாள், "என் பையனுக்கு அஞ்சே முக்கால் மாசம். அந்த வேற வழியெல்லாம் என்னென்ன, கொஞ்சம் சொல்லுங்க."