அறுந்துபோன சேண வார்

குதிரையின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. டீக்கன் என்று அதற்குப் பெயர். பழுப்பு நிறம், கனத்த உடம்பு. நான் கீழே விழுந்த பிறகு அது ஓடக்கூட இல்லை. சேணம் வயிற்றுக்கடியில் தொங்க, நின்ற இடத்திலேயே புல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாம். என் கோபமெல்லாம் மனிதர்கள்மேல்தான். அதிலும் யார்மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் பதினாறு மாதம் அல்லாடினேன்.

என் பெயர் வெர்னா ஸ்ட்ரௌட். மொன்டானாவில் பேர்ட்சால் என்ற சிற்றூரில் பத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். சாலை எது பள்ளம் எது என்று தெரியாத ஜனவரிப் பனியிலும் ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லை. என் தங்கை ட்வைலாவுக்கு ஐம்பது வயது நிறைந்த ஜூன் மாதத்தில் இதெல்லாம் நடந்தது.

"எத்தன வருஷமா இந்த மலைய அடிவாரத்துல நின்னே பாத்துட்டு இருக்கோம்? ஒரு தடவ குதிரையில மேல போயிட்டு வரலாம்க்கா" என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். பர்ல் ஹாஸ்கெட்டின் லாயம் ஊரிலிருந்து பத்து மைல். கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து மணிக்கணக்கில் சவாரி போகிற இடம். ஊர்ப் பண்டிகையில் பிள்ளைகளை இலவசமாகக் குதிரையேற்றி வட்டமடிக்கிற பர்லைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

அன்று காலை நடந்ததில் பாதி என் நினைவில் இல்லை. விழுந்ததில் தலையிலும் அடி. நினைவிலிருப்பது இவ்வளவுதான்: பைன் மரங்களுக்கு நடுவே இறங்குகிற பாதை. முன்னால் ட்வைலாவின் முதுகு. என் தொடைக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கிற வார் அறுந்த சத்தம் அது. சேணம் என்னோடு சேர்ந்து வலப்பக்கம் உருண்டது. கீழே பாறை.

வலது இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள்.

நான்காம் நாள், மருந்து மயக்கத்தில் கிடந்தபோது தொலைபேசி அடித்தது. லாயத்தின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து டிரென்ட் என்று ஒருவர். தேன் மாதிரிக் குரல்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"நல்லா இருக்கேன். கேட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றேன். வேறென்ன சொல்வேன்? எங்கள் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வளர்த்தாள்.

அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில், 'தாம் நலமாக இருப்பதாக உரிமை கோருபவரே தெரிவித்துள்ளார்' என்று ஒரு வரி. என் கணவர் கில் அதை மூன்று முறை வாசித்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தார். ஆகஸ்ட் மாத வெயிலில் விறகு.

பர்லும் ஒருநாள் வந்தார், மனைவி ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்டுக் கொடுத்த இனிப்போடு. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"குதிரைன்னா குதிரைதாம்மா. அதுக்கு என்ன தெரியும்?"

"குதிரை ஒண்ணும் பண்ணல பர்ல். வார் அறுந்துச்சு."

"வாரா? அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நீ ஒரு பக்கமா சாஞ்சிருப்ப."

"அந்த வார நான் பாக்கலாமா?"

"அது பழைய சாமானோட சாமானா குப்பைக்குப் போயிருச்சே."

அவர் போனதும் கில் கேட்டார்: "நல்லா இருந்த வார எதுக்குக் குப்பையில போட்டான்?"

அந்தக் கேள்வியோடுதான் வக்கீல் மரீட்டா ஓல்சனிடம் போனோம். இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. நான் ஊன்றுகோலோடு படியேற முடியாததால் அவரே இறங்கிவந்து, கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"சட்டம் ரெண்டு பக்கமும் பேசும் வெர்னா. குதிரை மிரண்டு தள்ளிச்சு, துள்ளித் தள்ளிச்சுன்னா, அந்த ஆபத்து தெரிஞ்சுதானே ஏறினீங்கன்னு கைய விரிச்சிருவாங்க. ஆனா அவங்க குடுத்த சேணமே சரியில்லன்னா கதை வேற. எதுக்கும் நாங்க பொறுப்பில்லன்னு ஒரு படிவம் குடுத்திருப்பாங்களே, அதுல கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டிருப்பேன். ஞாபகம் இல்ல."

"யாராவது போட்டோ எடுத்தாங்களா?"

எடுத்திருந்தாள். குதிரை பக்கத்தில் என்னை நிறுத்தி ட்வைலா எடுத்தது நினைவிருந்தது. கேட்டேன். முதலில் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். பிறகு தேடுகிறேன் என்றாள். அக்டோபரில் நேராகவே சொல்லிவிட்டாள்.

"விட்டுருக்கா. பர்ல் மேல கேஸ் போட்டு என்னத்த அள்ளப்போற? கடைக்குப் போனா ஆளாளுக்கு என்னைப் பாக்குறாங்க."

என்னை மட்டும் பார்க்காமலா இருந்தார்கள்? மளிகைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "ஏறத் தெரியாதவங்க எதுக்கு ஏறணும்? இப்படியே போனா அந்த மனுஷன் லாயத்த மூடிட்டுப் போயிருவாரு." அவளுடைய மூன்று பிள்ளைகளையும் நான்தான் ஆண்டுக்கணக்கில் பள்ளிக்கு ஏற்றிப்போனேன். திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். ஊன்றுகோலைத் திருப்புவதற்குள் அவள் பக்கத்து வரிசைக்கு நகர்ந்துவிட்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் செய்த வேலை, காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு பியானோ இசை கேட்டது. ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றுவார். அவர் என் கோப்பு எண்ணைக் கேட்டுவிட்டு முதலாமவருக்கே திருப்பி அனுப்புவார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை மூன்று முறை அனுப்பினோம், மூன்று முறையும் வரவில்லை என்றார்கள். அவர்கள் ஏற்பாடு செய்த டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காரில் போனேன். அவர் என்னைச் சோதித்தது பதினோரு நிமிடம். வலிக்கு வயதும் ஒரு காரணம் என்று எழுதிக்கொடுத்தார். டிசம்பரில் பள்ளி மாவட்டத்தின் உடற்தகுதிச் சோதனையில் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க என்னால் முடியவில்லை. நாற்பது வினாடிக்குள் கால் நடுங்க ஆரம்பித்தது. மேற்பார்வையாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் வாக்குமூலம். நீண்ட மேசை, நான் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு பெண், எதிரே காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல். மரியாதையான ஆள்தான். சத்தியப் பிரமாணம் ஆனதும் லாயத்தின் அந்தப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். அதுவரை அவர்கள் எங்களுக்கு அனுப்பியிருந்தது கறுத்துப்போன நகல். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் தெரியும். அன்றுதான் அசலைப் பார்த்தேன்.

"குதிரையேற்றத்தில் 'நல்ல அனுபவம் உண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கீங்க. ஆனா அதுக்கு முன்னால நீங்க குதிரையே ஏறினதில்லன்னு இப்பதான் சொன்னீங்க. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

என் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்தின் வாலை நீட்டி, கீழே ஒரு சுழி சுழித்திருந்தது. பேருந்துப் பதிவேட்டில் காலையும் மாலையும் கையெழுத்துப் போடுகிறவள் நான். சுழிப்பதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்ததில்லை. அந்தச் சுழியை ஆண்டுதோறும் என் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் பார்க்கிறேன்.

போன் தண்ணீரில் விழுந்தது, 'விட்டுருக்கா' என்றது, கேஸ் பேச்செடுத்தாலே எழுந்து போனது, எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"இல்ல" என்றேன். "இது என் கையெழுத்து இல்ல."

"அப்ப யாரோடது?"

மரீட்டா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் புதுச் செய்தி. தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் காத்திருந்தன.

"என் தங்கச்சியோடது."

அங்கிருந்து நேராக ட்வைலா வீட்டுக்குக் காரை ஓட்டச் சொன்னேன் கில்லிடம். வீட்டின் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மேவிஸ் தலை நிறையச் சாயத்தோடு நாற்காலியில் இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கும் நிலை இல்லை.

"என் பேர நீ எழுதினியா?"

ட்வைலா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "நீ பாத்ரூம்ல இருந்த. பின்னாடி வரிசை நின்னுச்சு."

"அனுபவம் இருக்குன்னு யாரு போடச் சொன்னது?"

"அத போட்டாத்தான் மேல் பாதைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இல்லன்னா வேலிக்குள்ளயே சின்னப் பிள்ளைங்களோட சுத்திச் சுத்தி வரணும். என் அம்பதாவது பிறந்தநாள் அது, அக்கா."

"பத்து மாசம் ட்வைலா. ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து ஜெல்லி ஊட்டிவிட்ட. அப்ப சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். உன் காலப் பாத்ததும் வாய் வரல. அப்புறம் நாளாக நாளாக…" அவள் தூரிகையைச் சாயக் கிண்ணத்தில் தோய்த்தாள். "கள்ளக் கையெழுத்துன்னு உள்ள தள்ளிருவாங்களோன்னு பயம் வேற."

"நான் குளிக்கிறதுக்குக்கூட கில் வரணும். உனக்கு உன் பயம்."

"நான் வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தாக்கூட ஒரு தடவ திட்டிட்டுப் போயிருப்பேன்."

மேவிஸ் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "ட்வைலா, எனக்கு உச்சி எரியுது."

நான் வெளியே வந்தேன். அவள் பின்னால் வரவில்லை. மேவிஸின் தலையை அலச வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு காலையில், ஒரு வார்த்தைகூட இல்லாமல், போனில் அந்தப் படம் வந்தது. நான் டீக்கனின் கழுத்தில் கை வைத்து இளித்துக்கொண்டு நிற்கிறேன். கில் படத்தைப் பெரிதாக்கினார். சேணத்துக்குக் கீழே வார் ஓரிடத்தில் நார் நாராகப் பிரிந்திருந்தது. அதைச் சுற்றி, வைக்கோல் கட்டுகிற நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அடுத்த வாரம் ட்வைலா தானாகவே மரீட்டாவிடம் போய், தான் செய்ததைச் சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக்கொடுத்தாள். எதிர்த்தரப்பு உடனே அவள்மேல் பாய்ந்தது: அனுபவம் இருக்கிறது என்று பொய் சொன்னதால்தான் மேல் பாதைக்கு அனுப்பினோம், குற்றம் தங்கையுடையது. மரீட்டாவின் பதில் எனக்கு மனப்பாடம். "பிறந்ததிலேர்ந்து குதிரை ஏறுறவன் உக்காந்திருந்தாலும் அந்த வார் அறுந்திருக்கும்."

அக்டோபரில் சமரசப் பேச்சு. நாங்கள் ஓர் அறை, பர்லும் அவர் தரப்பும் இன்னோர் அறை. நடுவர் இரண்டுக்கும் இடையே நாள் முழுக்க நடந்தார். மாலையில் ஒரு தொகைக்கு வந்து நின்றது. அதை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை, ஆகவே சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது போனது. பத்தொன்பது ஆண்டு ஓட்டிய பேருந்துக்கு ஈடாகாது என்று மட்டும் சொல்லலாம்.

ஒப்பந்தத்தில், யாரும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பத்தி இருந்தது.

"பர்ல் இந்த அறைக்கு வந்து, வார் கெட்டுப்போயிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றேன் நடுவரிடம். "வேணும்னா தொகைய குறைச்சுக்கலாம்."

கில் என்னைப் பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை.

நடுவர் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பினார். "அவருக்கு வரணும்னுதான் இருக்கு. வக்கீல் கூடாதுங்கிறார்."

ஒரு சுவர்தான் இடையில். அந்தப் பக்கம் அவர் இருமுவதுகூடக் கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். இடுப்பு விறைத்துப்போயிருந்தது, எழுவதற்கே ஒருவர் கை கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

இப்போது பள்ளியின் போக்குவரத்து அலுவலகத்தில் வயர்லெஸ் கருவி முன்னால் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிற வேலை. என் பழைய தடத்தை ஓட்டுகிறவன் பாலத்தருகே எப்போதும் நான்கு நிமிடம் தாமதம். கேட்டால் பனி என்கிறான்.

வியாழக்கிழமைகளில் இடுப்புப் பயிற்சிக்கு ட்வைலாதான் கூட்டிப்போகிறாள். கில்லுக்கு அன்று மர ஆலையில் விடுப்புக் கிடைக்காது. முதல் சில வாரம் இருவரும் ஹீட்டர் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போனோம். இப்போது பேசுகிறோம். மேவிஸின் தலைமுடி, கடையில் முட்டை விலை, அவள் மகனின் புதுச் சிநேகிதி. அந்த விஷயத்தை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. எடுத்தால் நிறுத்தமாட்டேன் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவள் வண்டி ஓட்டுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திருப்பத்தில் இண்டிகேட்டர் விளக்குப் போடுவதே கிடையாது.

"விளக்கப் போடு ட்வைலா."

"பின்னால யாருமே இல்லக்கா."

"யாரும் இல்லன்னாலும் போடு."

போடுகிறாள், திரும்பி முடித்த பிறகு.