மரியாதை தெரிந்த பாறை

கொல்லிமலையில் எங்கே நின்றாலும் வியூ பாயிண்ட்தான். ஒரு வளைவில் வண்டி நிறுத்த இடமும், எட்டிப் பார்க்க ஒரு பள்ளமும், பக்கத்தில் ஒரு சூப்புக் கடையும் இருந்துவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமைக்குள் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். பனி இறங்கினால் வியூ போய் பாயிண்ட் மட்டும் மிஞ்சும். அப்போதும் ஆட்கள் இறங்கி, அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர்கள் எதையாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

செம்மேட்டிலிருந்து திண்ணனூர் நாட்டுப் பக்கம் போகும் சாலையில், அப்படி ஒரு வளைவில்தான் தாமரைச்செல்வி கடை வைத்திருந்தாள். முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பு, மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு, மழை நாளில் பஜ்ஜி. ஆனால் அவள் வளைவுக்கு மற்ற வளைவுகளுக்கு இல்லாத ஒரு பெருமை இருந்தது. அங்கே பள்ளத்தைப் பார்த்துக் கத்தினால் எதிர்ப்பாறை திருப்பிக் கத்தும். ஜீப்காரர்கள் அதை எக்கோ பாறை என்றார்கள்.

எதிரொலி எப்படி வருகிறது என்பது லேசான விஷயம்தான். சத்தம் ஒரு நொடியில் ஏறக்குறைய முந்நூற்று நாற்பது மீட்டர் ஓடும். எதிரில் உள்ள பாறை அதில் பாதித் தூரத்தில் இருந்தால் போக அரை நொடி, வர அரை நொடி. நீங்கள் கத்தி முடித்ததும் உங்கள் குரலின் வால் உங்களிடமே வந்து சேரும். வால் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தலை திரும்பி வரும்போது நீங்கள் இன்னும் கத்திக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சத்தத்திலேயே அது அமுங்கிவிடும். அதனால்தான் "கொல்லிமலை எப்படி இருக்கு?" என்று கேட்டால், பாறை "இருக்கு... க்கு..." என்று மட்டும் சொல்லும். இருக்கிறது, அவ்வளவுதான். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது.

இதற்கெல்லாம் பாறை மொட்டையாக இருக்க வேண்டும். சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும். மீன்வலையில் எறிந்த பந்து வருமா? எதிர்ச்சரிவில் யாரோ மிளகுக் கொடி ஏற்றுவதற்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்து பாறையை மறைத்துவிட்டன. வந்த சத்தத்தை இலையும் கிளையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றன. ஒரு கோடையில் பாறை முணுமுணுத்தது. அடுத்த கோடையில் வாயை மூடிக்கொண்டது.

ஜீப்புகள் நிற்பதும் குறைந்தது. மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து மாமியார் குழந்தையம்மாள் போன் செய்தார். "அங்க கல்லு கூட பேசறதில்லையாமா? கடையக் கட்டிட்டு ரெண்டு பேரும் கெளம்பி வாங்க சாமி. குச்சிக்கெழங்குக் காடு ஆளில்லாம கெடக்குது."

தாமரைச்செல்விக்கு மாமியாரிடம் ஒரே ஒரு குறைதான். அவள் வைக்கும் குழம்பை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன், ருசி கூடப் பார்க்காமல், குழந்தையம்மாள் வந்து ஒரு கல் உப்பு போடுவார். கோபத்தில் போடுவதில்லை, போகிற போக்கில், விளக்கை அணைப்பது போலப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து மலையேறிய நாள் வரை அவள் வைத்த ஒரு குழம்பும் அவள் குழம்பாக இலைக்கு வந்ததில்லை. இந்தக் கடையில்தான் அவள் போட்டது உப்பு, அவள் வைத்தது சூப்பு. கீழே போவதென்றால் அந்த உப்புக்கல்லிடம் திரும்பிப் போவது.

எனவே, புருஷன் அசோக்கை எதிரொலி வேலைக்கு அமர்த்தினாள்.

"கடைசி வார்த்தைய மட்டும் சொல்லோணும் மாமா. ஒடனே சொல்லிறாதீங்க. ஒருவாட்டி தலைய ஆட்டிட்டு அப்பறம் கத்துங்க. ரெண்டாவது வாட்டி பாதிக் கொரலு. இருமக் கூடாது."

"பொம்பளைங்க கத்துனா?"

"கொரலச் சன்னமாக்கிக்குங்க."

"கொழந்தைங்க கத்துனா?"

"இன்னுங் கொஞ்சம் சன்னமா."

"பஸ்ஸோட வந்து எல்லாருஞ் சேந்து கத்துனா?"

"அப்ப யாருக்கும் ஒண்ணும் கேக்காது. சும்மா 'ஆ'ன்னு வைங்க."

அசோக் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ச்சரிவில் ஒரு பலா மரத்தின் பின்னால் உட்கார்ந்தான். கடையில் வண்டி வந்து நின்றால் தாமரைச்செல்வி சூப்புக் குண்டானின் மூடியை டங்கென்று தட்டுவாள். சத்தம் பள்ளத்தைத் தாண்டும். எதிரொலி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராகும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பேளுக்குறிச்சிப் பக்கம் எல்லோரும் "ங்க" போட்டுத்தான் பேசுவார்கள். அசோக் அதிலும் ஒரு படி மேலே. ராங் நம்பரில் கூப்பிட்டவரிடம் "பரவாயில்லீங்க, இன்னொருக்கா கூப்புடுங்க" என்பான். ஒருமுறை சாலையை மறித்துப் படுத்திருந்த எருமையிடம், "கொஞ்சம் ஒதுங்குங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தவன்.

சிக்கல் ஒரு புது ஜோடியின் உருவத்தில் வந்தது. மாப்பிள்ளை தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையே கேட்கட்டும் என்று, "பிரியா!" என்று கத்தினான். பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஒரு நொடி ஆனது.

"பிரியாங்க... ங்க..." என்றது பாறை.

முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட அசோக்குக்கு வாய் வரவில்லை. வேறொன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கம் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு பிரியங்கா?"

"நான் பிரியான்னுதாம்மா கத்துனேன்!"

"நீ என்ன கத்துனியோ அதுதான திரும்பி வரும்? பாறை என்ன, சொந்தமாவா பேசும்?"

அறிவியல்படி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருவரும் ஜீப்பின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து போனார்கள். ஊற்றி வைத்த சூப்பு ஆறிப்போனது.

அன்று சாயங்காலம் தாமரைச்செல்வி அவனை எதிரில் உட்கார வைத்தாள். "பேருக்குப் பின்னால எதுக்கு மாமா அந்த ங்க?"

"பேரு சொல்லிக் கூப்புட்டா நல்லாவா இருக்குது?"

"கூப்புடறது நீங்க இல்ல, பாறை. பாறைக்கு என்ன மரியாதை வேண்டிக் கெடக்குது? சொல்லுங்க, வளர்மதி!"

"வளர்மதிங்... மதி."

"கோகுல்நாத்!"

"நாத்து... நாத்."

வாரம் முழுவதும் பயிற்சி நடந்தது. கடைசியில் மாவட்ட ஆட்சியர் பெயரைச் சொன்னாலும் வாலை மட்டும் வெட்டி, வெறும் வாலாகத் திருப்பித் தருகிற அளவுக்கு அசோக் தேறிவிட்டான்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஒரு பெரிய போர்டு வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. மலையில் பார்க்க வேண்டிய இடங்களெல்லாம் அதில் இருக்கும்: அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன், வல்வில் ஓரி சிலை. போர்டில் பெயர் ஏறினால் வண்டிகள் நிற்கும். ஏறாவிட்டால் எக்கோ பாறை வெறும் வளைவு. குழந்தையம்மாளும் போனில் ஒரு முடிவு சொல்லிவிட்டார். "போர்டுல பேரு வந்தா இருந்துக்குங்க. வரலைன்னா ஆடி பொறக்கறதுக்குள்ள கீழ வந்தரோணும்."

இடங்களைப் பார்த்து எழுத வந்தவர் ஜெசிந்தா என்கிற அதிகாரி. திருச்சிக்காரர். கூடவே ராசிபுரத்து டிரைவர் வெங்கடாசலம். ஜெசிந்தா அன்று காலையில்தான் ஆகாய கங்கைக்குப் போய் வந்திருந்தார். அங்கே படியிறங்கும்போது எல்லோரும் சாமி பெயரைச் சொல்வார்கள். ஏறும்போது கூட்டி வந்தவன் பெயரைச் சொல்வார்கள். ஜெசிந்தா காரிலிருந்து இறங்கும்போதே முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"இங்க என்னம்மா இருக்கு?"

"எக்கோ பாறைங்க மேடம்."

"இன்னைக்கு இது மூணாவது எக்கோ. முதல் இடத்துல கத்துனேன், நாய் குரைச்சுது. அடுத்த இடத்துல அதுவும் இல்ல."

தாமரைச்செல்வி மூடியைத் தட்டினாள். ஜெசிந்தா கம்பியருகே போய்க் கொஞ்சம் கூச்சப்பட்டு, பிறகு தன் பெயரையே கத்தினார். "ஜெசிந்தா!"

ஒரு தலையாட்டல் நேரம் போனது.

"சிந்தா... ந்தா..."

சன்னமான குரல். சுத்தமான வால். ங்க இல்லை. தாமரைச்செல்வி பிடித்திருந்த மூச்சை விட்டாள். ஜெசிந்தாவின் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு வந்தது. "பரவாயில்லையே!" என்று பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் சூப்பு டம்ளரும் கையுமாக வெங்கடாசலம் வந்தார். "நானும் ஒண்ணு கத்தட்டுங்களா மேடம்?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து, "ஏனுங்க!" என்று ஒரு சத்தம் போட்டார்.

இந்தச் சீமையில் "ஏனுங்க" என்பது கேள்வியே இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி. வழி கேட்க, தீப்பெட்டி கேட்க, பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்ல, எல்லாமே அதில்தான் தொடங்கும். அதைக் கேட்டும் பேசாமல் இருப்பவன் செவிடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பகையாளியாக இருக்க வேண்டும். அசோக் இரண்டும் இல்லை. பயிற்சியில் ஊர்ப்பட்ட பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவள் இந்த ஒரு வார்த்தையை நினைக்கவில்லை என்பது தாமரைச்செல்விக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

ஒரு நொடி போனது. இரண்டாவது நொடியும் போனது.

"சொல்லுங்க!" என்றது பாறை.

வெங்கடாசலத்துக்குச் சூப்பு மூக்கில் ஏறிவிட்டது. ஜெசிந்தா பேனாவை மூடினார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "யாருங்க அது?" என்று கத்தினார்.

"அப்புசாமி மகனுங்க! பேளுக்குறிச்சிங்க!" என்று பதில் வந்தது. பிறகுதான் பாறைக்குத் தன் வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சற்றுத் தாமதமாக, பாதிக் குரலில், "ங்க... ங்க..." என்று சேர்த்துக்கொண்டது.

ஜெசிந்தா திரும்பினார். தாமரைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முன்னால நெசமாவே பேசுச்சுங்க மேடம். அந்த மரமெல்லாம் வளந்து மறைச்சிருச்சு. அதான் எங்கூட்டுக்காரர..."

"மரத்துக்குப் பின்னால புருஷனை உட்கார வெச்சிட்டியா? எக்கோன்னு எப்படிம்மா எழுதுறது? பொய்யாயிரும்."

தாமரைச்செல்வியின் கண்ணுக்கு முன்னால் பேளுக்குறிச்சி அடுப்பும், கொதிக்கிற குழம்பும், அதன் மேல் வந்து நிற்கிற ஒரு கையும் தெரிந்தன. "எக்கோன்னு எழுத வேண்டாங்க மேடம்," என்றாள். "கத்துனா பதில் வருதுங்களா, இல்லீங்களா? வந்தத எழுதுங்க. வேற எந்தப் பாறை பதில் சொல்லும்? ஓரி சிலையக் கேட்டுப் பாருங்களேன், சொல்லுமா?"

ஜெசிந்தா எதிர்ச்சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் கம்பியருகே போனார். "ஆகாய கங்கையில தண்ணி இருக்குங்களா?"

"இருக்குதுங்க!" பாறை உற்சாகமாகிவிட்டது. "ஆனா முட்டி வலி இருந்தா எறங்காதீங்க! மேல நின்னே பாத்துக்குங்க!"

"இதக் காலையிலேயே சொல்லக் கூடாதா?" என்று ஜெசிந்தா கத்தினார்.

"நீங்க காலையில கேக்கலீங்களே!"

வெங்கடாசலம் கம்பியில் சாய்ந்து சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தபடியே பேனாவைத் திறந்தார். "எதிரொலி வேற, மறுமொழி வேற. மறுமொழின்னா பதில்தானே? அதுல பொய் ஒண்ணும் இல்ல."

அப்படித்தான் செம்மேட்டுப் போர்டில், அருவிகளுக்கும் கோயில்களுக்கும் கீழே, மறுமொழிப் பாறை என்று ஒரு பெயர் ஏறியது. ஜீப்புகள் நின்றன. ஜனங்கள் வந்து பாறையிடம் எல்லாம் கேட்டார்கள். கோயில் நடை எப்போது திறக்கும், மழை வருமா, நல்ல பலாப்பழம் எங்கே கிடைக்கும், இந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கலாமா. பாறை கடைசிக் கேள்விக்கு மட்டும், "ஊட்ல பெரியவங்களக் கேட்டுக்குங்க" என்றது. மற்றதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னது.

ஆடி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையம்மாளே மலையேறி வந்துவிட்டார். போர்டைக் கண்ணால் பார்த்தும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைக்குள் வந்ததும் கை தானாக உப்பு டப்பாவைத் தேடியது. தாமரைச்செல்வி அதை முன்பே இடுப்பில் செருகியிருந்தாள். "நீங்க உக்காருங்க அத்தை, சூப்பு நாந் தாரேன்."

"உக்கார வரல கண்ணு. எம்பையங்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்." குழந்தையம்மாள் கம்பியருகே போய்ச் சேலையைச் சரிசெய்துகொண்டார். காட்டில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "ஏண்டா அசோக்கு! எப்படா ஊட்டுக்கு வாரே?"

யார் எதைக் கேட்டாலும் வாயை அடக்கத் தெரியாதவன். இப்போது கேட்டது பெற்ற தாய். தாமரைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு தலையாட்டல் நேரம்.

"வாரே... ரே..." என்றது பாறை, மிகச் சன்னமாக.

குழந்தையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "வாரேங்கறான் பாத்தியா! எம்பையன் எஞ்சொல்லத் தட்ட மாட்டான்," என்று சொல்லிக்கொண்டே போய் ஜீப்பில் உட்கார்ந்தார்.

தாமரைச்செல்வி காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டிருந்தாள். கடைசியில் "ன்" இல்லை. பாறை மொட்டையாக இருந்த காலத்திலும் அந்தப் பள்ளத்தில் அவ்வளவு சுத்தமான எதிரொலி எழுந்ததில்லை.